கடல் கடக்கும் விதிகள் காகிதத்தில் இருந்தால் போதாது

சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கி.மீ. தொலைவில், வங்கக் கடலின் 3,400 மீட்டர் ஆழத்தில் ஒரு விமானத்தின் சிதைவுகள் படம் பிடிக்கப்பட்டிருப்பதாகவும், அவை இந்திய விமானப் படையின் ஏ.என்.-32 ரக விமானத்தோடு பொருந்துவதாகவும் 2024 ஜனவரி 12-ம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் புறப்பட்ட அந்த விமானம் ரேடார் திரையிலிருந்து மறைந்தது 2016 ஜூலை 22-ம் தேதி. கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் தேடிக் கிடைக்காததை, ஏழரை ஆண்டுகளுக்குப் பின், சென்னை பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம் கண்டறிந்தது. அந்த விஞ்ஞானிகள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால், 29 குடும்பங்கள் ஏழரை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது ஏன் என்ற கேள்வி பாராட்டோடு முடிந்துவிடக் கூடாது.

இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி, அதற்கு ஓராண்டு முன்பு அதே கடலில் நேர்ந்த மற்றொரு துயரத்தில் இருக்கிறது. கடலோரக் காவல் படையின் டார்னியர் விமானம் ஒன்று 2015 ஜூன் 8-ம் தேதி இரவு, ரோந்துப் பணி முடித்துச் சென்னைக்குத் திரும்பும் வழியில் 3 பேருடன் காணாமல் போனது. நீரில் மூழ்கினால் தானாகவே ஒலியெழுப்பும் கருவி அதில் இருந்தது. அந்த மெல்லிய ஒலியைக் கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் கேட்டது. ஏறத்தாழ ஒரு மாதத்தில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்திலிருந்து கருப்புப் பெட்டி மீட்கப்பட்டது. ஏ.என்.-32 விமானத்திலோ நீரடியில் ஒலியெழுப்பும் கருவி பொருத்தப்படவில்லை என்பது தேடுதல் நடந்த நாள்களிலேயே வெளியான செய்தி. அது விழுந்த இடம் மூன்று மடங்குக்கும் மேல் ஆழமானது என்பது உண்மை. கருவி இருந்திருந்தாலும் தேடல் எளிதாக இருந்திராது. ஆயினும், ஒலி வரும் திசையை நோக்கித் தேடுவதற்கும், ஒலியே இல்லாத கடலில் துழாவுவதற்கும் உள்ள வேறுபாடு ஒரு மாதத்துக்கும் ஏழரை ஆண்டுகளுக்கும் உள்ள வேறுபாடாக முடிந்தது.

கடலைக் கடக்கும் விமானத்துக்கென்று தனி விதிகள் வகுக்கப்பட்டதன் காரணம் இதுதான். நிலத்தின் மேல் பறக்கும் விமானம் இடர்ப்பட்டால் இறங்க இடம் உண்டு; விழுந்தால் பார்க்க ஆள் உண்டு. கரையிலிருந்து சுமார் 250 கடல் மைலுக்கு அப்பால் கரையோர ரேடாரும் எட்டாது. வழக்கமான வானொலித் தொடர்பும் ஏறத்தாழ அதே எல்லையில் அற்றுப்போகும். எனவே, தன் இருப்பிடத்தைத் தானே துல்லியமாக அறிவதும், அதைப் பிறருக்கு அறிவிப்பதும், ஒரு என்ஜின் நின்றாலும் கரை சேர்வதும், எல்லாம் பொய்த்துப்போனால் தேடுவோருக்குத் தடயம் விட்டுச் செல்வதும் அந்த விமானத்தின் கடமைகளாகின்றன. ஒவ்வொரு கடமைக்கும் பின்னால் ஒரு விதி உண்டு. பல விதிகளுக்குப் பின்னால் உயிரிழப்புகள் உண்டு.

இரண்டு என்ஜின் விமானங்கள், ஒரே என்ஜினில் பறந்தால் 60 நிமிடத்துக்குள் எட்டக்கூடிய விமான நிலையத்தை விட்டு விலகக் கூடாது என்பதே அமெரிக்காவில் 1950-களில் வந்த விதி. பெருங்கடல்களை நேராகக் கடப்பது மூன்று, நான்கு என்ஜின் விமானங்களுக்கே உரியதாக இருந்தது. என்ஜின்களின் நம்பகத்தன்மை உயர உயர, இந்த வரம்பு 1985-ல் 120 நிமிடமாகவும் 1988-ல் 180 நிமிடமாகவும் தளர்த்தப்பட்டது. இன்று சில ரக விமானங்களுக்கு 5 மணி நேரத்துக்கும் அதிகமான அனுமதி உண்டு. ஆனால், இது இலவசச் சலுகை அல்ல. ஒரே பழுதுபார்ப்பவர் ஒரே நேரத்தில் இரண்டு என்ஜின்களிலும் கை வைக்கக் கூடாது. ஒருவர் செய்யும் தவறு இரண்டையும் பாதிக்கும் என்பது காரணம். சரக்கறையில் தீப்பிடித்தால் அதை அடக்கும் அமைப்பு, மாற்று நிலையம் சேரும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். நடுக்கடலில் என்ஜினும் நின்று, கேபின் காற்றழுத்தமும் போய், தாழ்வான உயரத்தில் பறக்க நேர்ந்தாலும் போதுமான எரிபொருள் இருக்க வேண்டும். இத்தனையும் நிறைவேறிய பிறகே அனுமதி.

இந்த ஏற்பாடுகளின் பயன் இந்தியப் பயணிகளுக்கு நேரடியாகவே தெரிந்திருக்கிறது. 2023 ஜூன் 6-ம் தேதி, தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற ஏர் இந்தியா விமானம், என்ஜின் கோளாறு காரணமாக ரஷியாவின் மகதான் நகரில் இறக்கப்பட்டது. 216 பயணிகளும் 16 ஊழியர்களும் பத்திரமாகத் தரையிறங்கினர். மாற்று விமானம் வரும் வரை பள்ளிக்கூடம் உள்ளிட்ட தற்காலிக இடங்களில் அவர்கள் தங்க நேர்ந்தது. வழியில் எங்கே இறங்குவது என்பதை முன்கூட்டியே குறித்து வைக்கும் விதி உயிர்களைக் காத்தது. இறங்கிய பிறகு பயணிகளைப் பேணுவது எப்படி என்பதையும் விமான நிறுவனங்கள் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதையும் அது உணர்த்தியது.

கருவிகளுக்கு இணையாக விமானிகள் கடைப்பிடிக்கும் நடைமுறைகளும் முக்கியமானவை. 1983 செப்டம்பர் 1-ம் தேதி, ஆங்கரேஜிலிருந்து சியோல் சென்ற கொரிய விமானம் சோவியத் போர் விமானத்தால் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அந்தக் கொடுஞ்செயலுக்கு நியாயம் இல்லை. ஆனால், அந்த விமானம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வழிதவறியதற்குக் காரணம், தானியங்கிச் செலுத்தி வழிகாட்டும் கருவியோடு இணையாமல் ஒரே திசையில் பறந்ததும், அதை விமானிகள் உணராததுமே என்பது பின்னர் நடந்த சர்வதேச விசாரணையில் தெரியவந்தது. கடல்மேல் செல்லும்போது ஒரு விமானி பதிவு செய்த வழிப்புள்ளிகளை மற்றவர் தனியே சரிபார்க்க வேண்டும், ஒவ்வொரு புள்ளியையும் கடந்து சுமார் 10 நிமிடம் கழித்து மீண்டும் இருப்பிடத்தை ஒப்பிட வேண்டும் என்ற நடைமுறைகள் சடங்குகள் அல்ல. உயரத்தை விட்டு இறங்க நேர்ந்து கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதியும் கிடைக்காவிட்டால், குறைந்தது 30 டிகிரி திரும்பி, வழித்தடத்திலிருந்து 5 கடல் மைல் விலகிச் செல்ல வேண்டும் என்பதும் அத்தகையதே. கீழே அதே தடத்தில் வேறொரு விமானம் வந்துகொண்டிருக்கலாம்.

கருவிகளின் பட்டியலும் நீளமானது. கரையிலிருந்து 50 கடல் மைலுக்கு அப்பால் சென்றால் ஒவ்வொரு பயணிக்கும் உயிர்காக்கும் மேலங்கி, பெரிய விமானங்கள் 400 கடல் மைல் அல்லது 2 மணி நேரத் தொலைவைத் தாண்டினால் உயிர்காக்கும் படகுகள், செயற்கைக்கோளுக்குச் சைகை அனுப்பும் அவசரகால ஒலிபரப்பி, தொலைதூர வானொலி, ஒன்று பழுதானாலும் மற்றொன்று வழிகாட்டும் வகையில் இரட்டை வழிகாட்டு அமைப்புகள். நெரிசல் மிகுந்த கடல்வழிகளில் இருப்பிடத்தைத் தானாக அனுப்பும் வசதியும், கட்டுப்பாட்டு மையத்தோடு எழுத்து வடிவில் செய்தி பரிமாறும் வசதியும் தேவைப்படுகின்றன.

2014 மார்ச் 8-ம் தேதி 239 பேருடன் மலேசிய விமானம் எம்.எச்.370 மறைந்த பின், இந்தப் பட்டியல் மேலும் நீண்டது. அந்த விமானத்தைத் தேடும் பணி வங்கக் கடலையும் அந்தமான் கடலையும் தொட்டு, இந்தியப் பெருங்கடலின் தென்கோடி வரை சென்றது. பத்தாண்டுகள் கடந்தும் விமானத்தின் உடல் கிடைக்கவில்லை. கடல்மேல் பறக்கும் பெரிய பயணிகள் விமானங்களின் இருப்பிடம் 15 நிமிடத்துக்கு ஒருமுறையேனும் நிறுவனத்துக்குத் தெரிய வேண்டும் என்ற சர்வதேச விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கருப்புப் பெட்டியின் ஒலிக்கருவி 30 நாள்களுக்குப் பதிலாக 90 நாள்கள் ஒலிக்க வேண்டும் என்றும், தொலைவு வரை கேட்கும் தாழ் அதிர்வெண் ஒலிக்கருவி பெரிய விமானங்களின் உடலில் பொருத்தப்பட வேண்டும் என்றும் விதிகள் வந்தன. புதிய பெரிய விமானங்கள் ஆபத்தில் சிக்கினால் நிமிடத்துக்கு ஒருமுறை தாமாகவே இருப்பிடத்தை அறிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

ஆக, விதிகளுக்குப் பஞ்சமில்லை. அவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்ப்பது யார் என்பதே கேள்வி. 2024 ஜனவரியில் ஏர் இந்தியா நிறுவனத்துக்கு ரூ.1.10 கோடி அபராதம் விதித்தது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். நெடுந்தொலைவு வழித்தடங்கள் சிலவற்றில் குத்தகை விமானங்கள் விதிகளுக்கும் தயாரிப்பாளர் வகுத்த வரம்புகளுக்கும் இணங்க இயக்கப்படவில்லை என்பது குற்றச்சாட்டு. அந்த வழித்தடங்களில் சிக்கல் கடல் அல்ல, உயர்ந்த நிலப்பரப்பு. எனினும் பாடம் ஒன்றே. அந்த மீறல் வெளிப்பட்டது இயக்குநரகத்தின் வழக்கமான சோதனையில் அல்ல. நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தாமாக முன்வந்து அளித்த புகாரால். விசாரித்துத் தண்டித்தது சரியான நடவடிக்கைதான். ஆனால், மனசாட்சியுள்ள ஒருவர் வாய் திறக்கும் வரை காத்திருப்பது கண்காணிப்பு ஆகாது.

இதன் காரணத்தை நாடாளுமன்றமே சுட்டிக்காட்டியிருக்கிறது. 2025 ஜூன் 12-ம் தேதி ஆமதாபாதில் நேர்ந்த விமான விபத்துக்குப் பின், போக்குவரத்து, சுற்றுலா, பண்பாட்டுத் துறைகளுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, விமானப் பாதுகாப்பு பற்றிய தனது அறிக்கையை அதே ஆண்டு ஆகஸ்டில் அளித்தது. இயக்குநரகத்துக்கு அனுமதிக்கப்பட்ட 1,063 பணியிடங்களில் 553 மட்டுமே நிரப்பப்பட்டிருந்தன என்பது அதில் பதிவான கணக்கு. ஏறத்தாழப் பாதி நாற்காலிகள் காலி. இது புதிய நோயும் அல்ல. ஆய்வாளர் பற்றாக்குறை உள்ளிட்ட குறைகளைக் காட்டி 2014 ஜனவரியில் அமெரிக்கா இந்தியாவின் விமானப் பாதுகாப்புத் தரத்தைக் குறைத்தது. அது மீட்கப்பட 2015 ஏப்ரல் வரை ஆனது. வெளிநாடு சுட்டிக்காட்டியபோது ஓடியாடிக் குறைகளைக் களைந்த அரசு, சொந்த நாடாளுமன்றம் சுட்டிக்காட்டும்போது மெத்தனம் காட்டலாகாது. 1934-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் புதிய விமானச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டத்தைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. அதைச் செயல்படுத்தும் கைகளும் வேண்டும்.

இது அமெரிக்கா செல்லும் சிலரின் கவலை மட்டுமல்ல. இடுக்கி மாவட்டத்தின் சாந்தன்பாறை போன்ற ஏலமலை ஊர்களில் கடற்காற்றே வீசுவதில்லை. ஆனால், அங்கிருந்து பிழைப்புக்காக வளைகுடா செல்பவர் கொச்சியில் விமானம் ஏறினால், பயணத்தின் பெரும்பகுதி அரபிக் கடலின் மேல்தான். சென்னையிலிருந்து அந்தமான் செல்பவருக்கு ஏறத்தாழ 1,370 கி.மீ. வழியில் இறங்க ஒரு திட்டு நிலம்கூட இல்லை. தன் விமானத்தில் என்ன கருவி இருக்கிறது, அது இயங்குகிறதா என்று கேட்கும் வாய்ப்பு இந்தப் பயணிகளுக்கு இல்லை. அவர்கள் சார்பில் கேட்க வேண்டியது அரசும் நாடாளுமன்றமும்தான்.

அதைவிடவும் பெரிய இடைவெளி வேறோர் இடத்தில் இருக்கிறது. 1944-ம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை சிவில் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும்; ராணுவ விமானங்களை அது கட்டுப்படுத்தாது. போரில் தன் இருப்பிடத்தை மறைக்க வேண்டிய விமானத்துக்கு இந்த விலக்கு நியாயமானது. ஆனால், தாம்பரத்திலிருந்து அந்தமானுக்கு ஆள்களை ஏற்றிச் செல்லும் போக்குவரத்து விமானம் யாரிடமிருந்து ஒளிய வேண்டும்? கட்டணம் செலுத்திப் பறக்கும் பயணிக்கு உலகம் கட்டாயமாக்கிய பாதுகாப்பு, கட்டளையை ஏற்றுப் பறக்கும் வீரருக்கு மறுக்கப்படுவதில் நியாயம் இல்லை.

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. முப்படைகளிலும் கடலோரக் காவல் படையிலும் கடல்மேல் பறக்கும் போக்குவரத்து விமானங்கள் அனைத்திலும், சிவில் விமானங்களுக்கு உள்ளது போன்ற இருப்பிடம் அறிவிக்கும் கருவியும் நீரடி ஒலிக்கருவியும் பொருத்தப்பட வேண்டும். எத்தனை விமானங்களில் பொருத்தப்பட்டுவிட்டன என்பதைப் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்க வேண்டும். ரகசியம் காக்க வேண்டிய விவரம் எதுவும் அதில் இல்லை. இயக்குநரகத்தின் காலிப் பணியிடங்கள் கெடு வைத்து நிரப்பப்பட வேண்டும். நெடுந்தொலைவுக் கடல்வழிச் சேவைகளில் ஆண்டுதோறும் நடத்தப்பட்ட சோதனைகளும் கண்டறியப்பட்ட குறைகளும் அவையில் வைக்கப்பட வேண்டும். புகார் அளிக்கும் விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் பாதுகாப்பு உறுதி செய்யப்பட வேண்டும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டமோ பெரும் செலவோ தேவையில்லை. நீரடியில் ஒலிக்கும் அந்தக் கருவி கைக்குள் அடங்கும் அளவே ஆனது. அது இல்லாமல் போனதற்குக் கொடுத்த விலை ஏழரை ஆண்டுகள். இனி ஒரு விமானம் கடலில் விழவே கூடாது என்பது அனைவரின் விருப்பம். விழுந்தாலும் அது எங்கே என்று தெரியாத நிலை இனி வரக் கூடாது என்பது அரசின் பொறுப்பு. 29 குடும்பங்களுக்குக் கடல் காலம் தாழ்த்தித் தந்த பதில், தில்லியில் கோப்புகள் காலம் தாழ்த்துவதற்குச் சாக்காக அமைந்துவிடலாகாது.