நம் காலடியில் கிடக்கும் சமுத்திரம்

விடுமுறை வந்துவிட்டால் நம்மவர்கள் உதகமண்டலத்துக்கும் கொடைக்கானலுக்கும் திரள் திரளாகச் செல்கின்றனர். பொருள் படைத்தோர் கடல் கடந்து சென்று அந்நிய தேசங்களின் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் கண்டு வருகின்றனர். இயற்கையின் அற்புதங்களைக் காண வேண்டுமென்னும் ஆவல் மேலானது. அதை நாம் குறை கூற முன்வரவில்லை. ஆனால் உலகத்துப் பண்டிதர்கள் தேடி வந்து பார்க்கும் அற்புதங்கள் நம் ஊர்ப்புறத்திலேயே கிடக்க, அவற்றின் பெயரைக்கூட அறியாமல் நாம் இருப்பது தகுமா என்பதே கேள்வி.

விழுப்புரம் ஜில்லாவிலுள்ள திருவக்கரைக்குப் பௌர்ணமிதோறும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் வக்கிரகாளியம்மனைத் தரிசிக்க வருகின்றனர். ஊருக்கு அருகிலேயே கல்லாய்ச் சமைந்த பெருமரங்கள் கிடக்கின்றன. அவை சம்ஹரிக்கப்பட்ட அசுரனின் எலும்புகள் என்று ஊரார் சொல்வதுண்டு. பூகர்ப்ப சாஸ்திரம் கூறுவது வேறு. சுமார் 2 கோடி வருஷங்களுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரங்கள் மணலில் புதைந்தன. மணலின் ஊடே கசிந்த நீரிலிருந்த சிலிகா என்னும் பொருள், மரத்தின் அணுக்களிலே அணு அணுவாகப் புகுந்து படிந்தது. மரம் போயிற்று, அதன் வடிவம் நின்றது. இன்றும் அக்கல்லில் மரத்தின் வளையங்களையும் நாரோட்டத்தையும் கண்ணாரக் காணலாம். வேரும் கிளையும் இல்லாமல் அடிமரங்கள் மட்டுமே கிடப்பது வெள்ளம் வந்ததற்குச் சாட்சி.

இதனினும் பழமையானது பெரம்பலூர் ஜில்லாவிலுள்ள சாத்தனூர் மரம். நீளம் 18 மீட்டர். அரியலூர், பெரம்பலூர்ப் பிரதேசத்தில் சமுத்திரம் அலைவீசிய காலத்தில் அதனுள் வீழ்ந்து கல்லான மரம் அது. அந்தச் சமுத்திரத்தின் அடித்தரையையே பார்க்க விரும்புவோர் காரைக்குச் செல்க. புல்லும் முளைக்காத களிமண் மேடுகளை மழை அறுத்து ஓடைகளாக்கியிருக்கிறது. வெயிலில் ஜிப்ஸம் துண்டுகள் கண்ணாடிபோல் மின்னுகின்றன. அவற்றினிடையே, சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன் வாழ்ந்த கடற்பிராணிகளின் உருவங்கள் கல்லாய்க் கிடக்கின்றன.

நம் பெரியோர் சாளக்கிராமத்தின் பொருட்டு இமயம் வரை நடந்து, கண்டகி நதிக்கரையை அடைந்தனர். சாளக்கிராமத்தில் நாம் காணும் சக்கரம், அம்மோனைட் என்னும் கடற்பிராணியின் ஓட்டிலுள்ள சுழியே என்று சாஸ்திரிகள் கூறுவர். இதனால் பூஜைப் பொருளின் மகிமை குறைவதாக நாம் கருதவில்லை. அதே பிராணியின் இனத்தைச் சேர்ந்தவை காரை மண்ணிலும் கிடக்கின்றன. இமயத்துக்கு நடந்தவர்களின் சந்ததியாராகிய நாம், திருச்சியிலிருந்து சில மணி நேரத்தில் சென்று திரும்பக்கூடிய இடத்தைத் திரும்பியும் பாராதிருக்கிறோம்.

திருவக்கரை மரங்களை 1781-ல் குறித்து வைத்தவர் ஸொன்னேரா என்னும் பிரெஞ்சுக்காரர். திருச்சி, அரியலூர்ப் பாறைகளை ஆராய்ந்து 1862-ல் எழுதியவர் பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர். அவர்களுடைய உழைப்பை நாம் போற்றுகிறோம். சாத்தனூர் மரத்தை 1940-ல் உலகுக்கு அறிவித்த எம். எஸ். கிருஷ்ணன் நம்மவர் என்பதில் பெருமை கொள்கிறோம். ஆனால் பண்டிதர்கள் கண்டால் போதுமா? ஜனங்கள் காணாத செல்வம் ஜனங்களின் செல்வமாகாது.

அச்செல்வம் குறைந்துகொண்டே வருகிறது என்பதுதான் நம்மை வருத்தும் விஷயம். பார்க்கப் போகிறவர் ஆளுக்கொரு துண்டை ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொண்டு வந்தால், சில வருஷங்களில் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்? அரியலூர்ச் சுண்ணாம்புக்கல், சிமெண்டுக்காக நாள்தோறும் வெட்டப்படுகிறது. அக்கல்லே பெரும்பாலும் பழைய கடற்பிராணிகளின் ஓடுகளாலானது. வீடும் பாலமும் கட்டச் சிமெண்டு வேண்டும். சுரங்கத்தை மூடுக என்று நாம் கூறவில்லை. வெட்டி முடித்த குழிகளில் சிறந்த பாறைச் சுவர்கள் சிலவற்றையேனும் அழிக்காமல் நிறுத்தி, வேலியிட்டு, வித்தியார்த்திகள் பார்க்கும்படி விட்டுவைக்க வேண்டுமென்றே கேட்கிறோம். இது பெருஞ் செலவுள்ள காரியமன்று.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்பதும் நியாயமாகாது. திருவக்கரையும் சாத்தனூரும் தேசீயப் பூகர்ப்பச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. வாரணவாசியில் ஒரு காட்சிசாலையும் அமைந்திருக்கிறது. இத்தகைய இடங்களைக் காப்பதற்கென ஒரு மசோதாவின் நகலை மத்திய சுரங்க இலாகா 2022-ல் வெளியிட்டது. ஆயினும் யுனெஸ்கோ ஸ்தாபனம் அங்கீகரித்த பூகர்ப்பப் பூங்காக்கள் 2025-ல் உலகில் இருநூறுக்கு மேற்பட்டிருந்தும், அவற்றில் ஒன்றேனும் இந்தியாவில் இல்லை. நமது பூமியில் சரக்கில்லாமையால் வந்த குறையன்று இது. நமக்குச் சிரத்தையில்லாமையால் வந்த குறை.

பொது ஊழியர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்று. தேசாபிமானம் என்பது தேசத்தின் பெயரை உரக்கச் சொல்வது மாத்திரமன்று. தேசத்தின் மண்ணை அறிவதுமாகும். அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு காரைக்கும் சாத்தனூருக்கும் செல்லுங்கள். உள்ளூர்க் குடியானவர்களில் விஷயம் தெரிந்த ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தி அவருக்குக் கூலி கொடுங்கள். தம் ஊர்க் கல்லைக் காண நாலு பேர் வருகிறார்கள் என்று கண்டால், அக்கல்லைக் காக்கும் முதற் காவலர் அவராகவே இருப்பார். திரும்பும்போது பிள்ளைகளின் பையைச் சோதியுங்கள்; ஒரு துண்டும் இருக்கலாகாது. பத்துக் கோடி வருஷம் காத்திருந்த பொருள், நம் பேரப்பிள்ளைகளுக்காக இன்னும் சிறிது காலம் அங்கேயே காத்திருக்கட்டும்.