ஒழிந்ததா துண்டு முறை?

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் நிலாவெளியைக் கடந்தால் இறக்கக்கண்டி. கடலையும் களப்பையும் நம்பிய ஊர். நீண்ட போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இக்கரையோரத்தின் தொழிலைக் குலைத்தன. வலை தராத வருவாயைத் தேடி இப்பகுதி முஸ்லிம் சகோதரரும் சகோதரியரும் வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர்.

“முஸ்லிம் நாட்டுக்குத்தானே போகிறார்கள்? மார்க்கம் ஒன்று, அவர்களுக்கென்ன குறை?” என்று கேட்போர் நம்மிடையே உளர். சட்டம் படித்தவர்களும் கேட்கிறார்கள், வெட்கம்! பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுபவர், வாசலுக்கு வெளியே ‘கபாலா’ முறைக்குக் கட்டுப்பட்டவர். வதிவிட அனுமதி எசமானைச் சார்ந்தது. சம்பளம் கிடைக்கவில்லையென்று வெளியேறினாலோ, ‘ஓடிப்போனவர்’ என்ற முறைப்பாடும் சிறையும் நாடுகடத்தலும் காத்திருக்கும்.

இதை நாம் அறியாதவர்களா? மலையகத் தோட்டங்களில் ஒருகாலம் ‘துண்டு’ முறை இருந்தது. கடன் இவ்வளவென்று துரை எழுதித் தரும் துண்டின்றித் தொழிலாளி அடுத்த தோட்டத்தில் கால்வைக்க முடியாது. அக்கடனைத் தீர்ப்பவரே அவருக்குப் புதிய எசமான்! 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. நூறாண்டு கழித்துத்தான் வளைகுடா சிறிது அசைந்தது. தொழில் மாற எசமானின் சம்மதம் வேண்டியதில்லையென்று கட்டார் 2020இல் சட்டந் திருத்தியது; 2021 முதல் வீட்டுப் பணியாளருக்கும் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியம் என்றது. அதே ஆண்டு சவூதி அரேபியா செய்த சீர்திருத்தமோ வீட்டுப் பணியாளரை வெளியே நிறுத்திவிட்டது. நம் ஏழைப் பெண்கள் போவது அந்த அடுக்களைகளுக்கே.

குடாவுக்கு அப்பால் மூதூர். அங்கிருந்து 2005இல், வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டோடு சென்றவர் ரிசானா நபீக். பராமரிப்பிலிருந்த குழந்தை இறந்தது. விசாரணையில் அவருக்குச் சட்டத்தரணி இல்லை, மொழிபெயர்ப்பும் ஐயத்துக்குரியது. 2013 ஜனவரி 9ஆம் நாள் தலை துண்டிக்கப்பட்டது. தமிழில் பேசிய பெண்ணின் தமிழ், தீர்ப்பளித்தோர் காதுக்குச் சரியாக எட்டியதா?

வயதைத் திருத்தும் குற்றம் றியாத்தில் நிகழ்வதன்று. நம் ஊர்த் திண்ணையில் நிகழ்வது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் முகவருக்கு உரிமப் பத்திரம் வேண்டுமென்கிறது. வீடு தேடிவரும் தரகரிடம் அதைக் காட்டச் சொல்பவர் எத்தனை பேர்?

‘தமிழ் பேசும் மக்கள்’ என்று மேடையில் முழங்குகிறோம். அச்சொல்லில் முஸ்லிம்கள் அடக்கமென்றால், ஒப்பமிடுமுன் ஒப்பந்தம் தமிழில் கையில் கிடைக்கவும், தூதரகங்களில் தமிழறிந்த அலுவலர் இருக்கவும் நம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் வாதாட வேண்டும். அதுவரை நம் சட்டத்தரணிகள் மாதத்தில் ஒரு நாள் இறக்கக்கண்டி போன்ற ஊர்களில் அமர்ந்து, அப்பத்திரங்களைக் கூலியின்றி வாசித்துக் காட்டட்டும். தரகருக்குப் பணம் கட்ட அயலவர் ஒருவர் காணி உறுதியை ஈடுவைக்கப் புறப்பட்டால், கமக்காரர்களே, அவரை அங்கே அழைத்து வாருங்கள்.