கண்வலிக் கிழங்கு விதையும் மாரடைப்பும்

மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி வட்டாரங்களில் கண்வலிக் கிழங்கு சாகுபடி செய்யும் விவசாயியிடம் விதை எதற்குப் போகிறது என்று கேட்டால், "மருந்துக்கு" என்பார். என்ன மருந்து, எந்த நோய்க்கு என்ற விவரம் பெரும்பாலும் அவருக்கு எட்டுவதில்லை. விதையில் உள்ள கால்ச்சிசின் என்ற மருந்துப் பொருள் 'கௌட்' என்னும் மூட்டுவலிக்கு நெடுங்காலமாகப் பயன்படுகிறது. இப்போது மாரடைப்புத் தடுப்பிலும் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது.

போர் குழாயில் உப்புப் படிவது போல, ரத்தக் குழாயில் கொழுப்புப் படிந்து அடைப்பதுதான் மாரடைப்பு என்று பலரும் நினைக்கின்றனர். இது பாதி உண்மையே. ரஷ்ய விஞ்ஞானி அனிச்கோவ் முயல்களுக்குத் தீனியோடு கொலஸ்டிரால் கொடுத்து, அவற்றின் ரத்தக் குழாய்களில் கொழுப்புத் திட்டுகள் உண்டாவதை 1913-லேயே காட்டினார். அந்தக் கொழுப்பு உயிரணுக்களுக்குள்ளே அடைந்திருப்பதையும் கண்டார். அதன் முழுப் பொருள் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

ரத்தத்தில் கெட்ட கொழுப்பு மிகும்போது அது குழாயின் உள்சுவருக்குள் புகுந்து தங்குகிறது. கிருமிகளை விழுங்குவதற்கென்று உள்ள வெள்ளை அணுக்கள் அங்கே போய் அதை விழுங்குகின்றன. விழுங்கியதை வெளியேற்ற மாட்டாமல் நுரை போல உப்பிவிடுகின்றன. உள்ளே சேர்ந்த கொலஸ்டிரால் ஊசி ஊசியான படிகமாகிறது. படிகம் உறுத்தத் தொடங்கியதும் அந்த அணு அபாயச் செய்தி விடுக்கிறது. மேலும் வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. தைத்த முள்ளைச் சுற்றிக் கால் வீங்குவது போல, குழாயின் சுவர் ஆண்டுக்கணக்கில் அழற்சி கண்டு கிடக்கிறது. திட்டின் மேல்மூடி மெலிந்து ஒரு நாள் கிழிந்தால், அங்கே ரத்தம் உறைந்து வழி அடைபடுகிறது.

கால்ச்சிசின் கொழுப்பைக் கரைப்பதில்லை. வெள்ளை அணுக்களின் ஓட்டத்தையும் அவை விடுக்கும் அபாயச் செய்தியையும் மட்டுப்படுத்துகிறது. 2020-ல் வெளியான ஆய்வில் 5,522 இருதய நோயாளிகள் கலந்துகொண்டனர். தினம் அரை மில்லிகிராம் உட்கொண்டவர்களுக்கு, உட்கொள்ளாதவர்களைவிட மாரடைப்பு முதலிய ஆபத்துகள் 31 சதவீதம் குறைந்தன. 2023-ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் மாரடைப்பு வந்த கையோடு 7,000 பேருக்கு மேல் சேர்த்துச் செய்து 2024-ல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. எல்லோருக்கும் ஏற்ற மருந்து என்று சொல்ல இன்னும் காலம் வரவில்லை. பீடியை விடுவதும், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும் அப்படியே இருக்கின்றன.

வயலில் விளைவதுதானே என்று கிழங்கையோ விதையையோ அரைத்துக் குடிப்பது உயிருக்கே உலை. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி இதில் மிகச் சிறிது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை தவிர வேறெதுவும் கூடாது.

இனி விலை. விதையில் நூற்றுக்கு அரைப் பங்கு கால்ச்சிசின் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோவில் 5 கிராம். சேதாரம் போக்காமல் பார்த்தால் அது 10,000 மாத்திரை. 27 பேருக்கு ஓராண்டு மருந்து. கொஞ்சம் விதையே நிறையப் பேருக்குப் போதும் என்பதால், புது உபயோகம் வந்துவிட்டது என்று நம்பிக் கடன் வாங்கிக் கூடுதல் ஏக்கரில் கிழங்கு ஊன்றுவது புத்திசாலித்தனம் அல்ல.

கேட்க வேண்டியது வேறு. பால் சொசைட்டியில் கொழுப்பை அளந்து விலை போடுகிறார்கள். காலையில் பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைத்து விளைவித்த விதைக்கு மட்டும் வியாபாரி சொன்னதே விலை என்பது என்ன நியாயம்? கால்ச்சிசின் அளவைச் சோதித்து விலை வைக்கும் முறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் வர வேண்டும். அதுவரை ஓர் ஊர் விவசாயிகள் கூடி, மாதிரி விதையை ஒன்றாகச் சோதனைக்கு அனுப்பினால் செலவு பங்காகும். பேரம் பேசும்போது கையில் ஒரு சீட்டும் இருக்கும்.