கூடி விற்றவரே விலை வைத்தார்

பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டு நகரத்தார், ரங்கூன் முகல் தெருவில் மாதம் ஒருமுறை கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். கிட்டங்கி என்ற பொது வணிகக் கட்டடத்தில் ஆளுக்கொரு பெட்டகம், ஆளுக்கொரு பேரேடு. ஒருவர் லாபம் அடுத்தவருக்குத் தெரியாது. ஆனால் தங்களுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு என்ன வட்டி என்பதை மட்டும் எல்லோரும் சேர்ந்துதான் சொன்னார்கள். அவர்களிடம் கடன் வாங்கிய ஐராவதி டெல்டாவின் நெல் விவசாயிக்கு அப்படிக் கூடிப் பேச ஓர் இடம் இருக்கவில்லை. கடன் வாங்கும்போதும் அவர் தனி. நெல்லை விற்கும்போதும் தனி. 1930-களில் நெல் விலை விழுந்தது. 1930-இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலம், 1938-க்குள் 25 விழுக்காடு ஆனது. ஆசைப்பட்டு வாங்கிய நிலம் அல்ல அது. திரும்பாத கடனுக்குக் கைமாறிய நிலம். பின்னால் அதுவும் போயிற்று.

கூடி முடிவெடுக்கும் இந்தப் பழக்கத்தின் வேர் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் முதலாவது இளையாத்தங்குடி கைலாசநாதர் – நித்தியகல்யாணி கோயில். மணமான ஒவ்வொரு குடும்பமும் கோயிலில் ஒரு புள்ளி. புள்ளி வரி எல்லோருக்கும் சமம். அதற்கு மேல் ஆஸ்தி வரி, அவரவர் வசதிக்கு ஏற்ப. கணக்கு பொது, முடிவு பொது. உறுப்பினர் என்ற முறையில் சமம், பங்களிப்பில் வேறுபாடு என்ற ஏற்பாடு, கூட்டுறவுச் சட்டம் எழுதப்படுவதற்குப் பல தலைமுறைகள் முன்பே இங்கே நடைமுறையில் இருந்தது. அந்தப் பலம் பெரும்பாலும் பணம் வைத்திருந்தவர்களின் பலமாகவே இருந்துவிட்டது என்பதுதான் வருத்தம். சந்தையில் எந்தப் பக்கம் கூடி நிற்கிறதோ அந்தப் பக்கம் விலை சொல்கிறது. செட்டிநாட்டுக்கு இது அனுபவத்தில் தெரிந்த உண்மை. இதை இன்று உரக்கச் சொல்ல வேண்டிய இடம் கம்பம் பள்ளத்தாக்கு.

தேனி மாவட்டத்தில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கே.கே.பட்டி என்று அடுத்தடுத்த ஊர்களில் சுமார் 2,000 எக்டேரில் திராட்சை விளைகிறது. பெரும்பகுதி பன்னீர் திராட்சை. உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் ரகம். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபக்கம் மேகமலை, நடுவே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். 2023-இல் இந்தப் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கு ஒரு பருவம்தான் அறுவடை. கம்பத்தில் ஏதாவது ஒரு தோட்டத்தில் ஆண்டு முழுவதும் பழம் இருக்கும். இவ்வளவு இருந்தும் விலை சொல்வது தோட்டக்காரர் அல்ல.

ஏன் என்பதைப் பந்தலுக்குள் குனிந்து போய்ப் பார்த்தால் புரியும். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேல் கூரைபோல் கொடி படர்ந்திருக்கிறது. கவாத்து முடிந்து நான்கு மாதத்தில் கருநீலக் குலைகள் தொங்குகின்றன. பெண்கள் கத்தரிக்கோலும் கையுமாக நின்று, குலைக்குள் வெடித்த மணி, அழுகிய மணி, பிஞ்சு மணி என்று ஒவ்வொன்றாக வெட்டிக் கீழே தள்ளுகிறார்கள். வியாபாரி பெட்டிகளோடு வந்து நிற்கிறார். பழம் முற்றிவிட்டது, வானம் மூடிக்கொண்டிருக்கிறது. ஒரு மழை பெய்தால் தோல் வெடிக்கும். அடுத்த நாள் பூஞ்சணம் பிடிக்கும். வியாபாரி இன்றைக்கு ஒரு விலை சொல்கிறார். கழிவுக்கு என்று எடையில் கொஞ்சம் பிடிக்கிறார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை தோட்டக்காரருக்கு உண்டு. சொல்லிவிட்டுப் பழத்தை எங்கே வைப்பது என்பதற்குத்தான் வழி இல்லை. உரத்துக்கும் மருந்துக்கும் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வியாபாரியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அழுகக்கூடிய சரக்கை வாங்கி லாரியில் ஏற்றி கேரளத்துக்கும் சென்னைக்கும் அனுப்பும் ஆபத்தை அவர் சுமக்கிறார். காத்திருக்க முடியாதவர் காத்திருக்க முடிந்தவரோடு பேரம் பேசுகிறார் என்பதுதான் கோளாறு.

இதே கோளாறு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலும் இருந்தது. இன்று இத்தாலியின் வடக்கு விளிம்பில் இருக்கும் தெற்கு டைரோல், அன்று ஆஸ்திரிய–ஹங்கேரிப் பேரரசின் பகுதி. அடிஜே ஆற்றுப் பள்ளத்தாக்கில் சிறு சிறு துண்டாகத் திராட்சைத் தோட்டம். பழத்துக்கு விலை வைத்தவர்கள் வணிகர்களும் பெரிய நிலக்காரர்களும். 1893-இல் டெர்லான் என்ற ஊரில் 24 விவசாயிகள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு ஒயின் ஆலையைத் தொடங்கினார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1898-இல், டிராமின் ஊரில் கிறிஸ்டியன் ஷ்ராட் என்ற பங்குத் தந்தை முன்நின்று இன்னொன்றைத் தொடங்கினார். இன்று அந்த மாநிலத்தில் சுமார் 5,000 குடும்பங்கள் திராட்சை பயிரிடுகின்றன. சராசரி நிலம் குடும்பத்துக்கு ஒரு எக்டேரைச் சற்றே தாண்டும். அங்கே தயாராகும் ஒயினில் ஏறத்தாழ 70 விழுக்காடு கூட்டுறவு ஆலைகளிலிருந்து வருகிறது. சிறு நிலம்தான் நம் விவசாயத்தின் சாபம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆனால் கூடினார்கள், வென்றார்கள் என்று கதையை முடித்துவிட்டால் அது பொய்யாகிவிடும். 1980-கள் வரை அந்தக் கூட்டுறவுகள் பெரும்பாலும் மலிவான சிவப்பு ஒயினைத்தான் பெருமளவில் தயாரித்தன. பழம் பெரும்பாலும் ஸ்கியாவா ரகம். கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. எடை கூடினால் பணம் கூடும். மலிவுச் சரக்குக்குச் சந்தை சுருங்கியபோது இந்தக் கணக்கு செல்லாமல் போனது. அதன்பிறகுதான் அவர்கள் ஆலையின் விதிகளையே மாற்றினார்கள். உயரமான, குளிர்ந்த சரிவுகளில் பினோ பிளாங்க், சார்டொனே, சோவினியோன், கெவுர்ஸ்ட்ராமினர் போன்ற வெள்ளை ரகங்களை நட்டார்கள். உறுப்பினர் தன் பழம் முழுவதையும் சங்கத்துக்கே தர வேண்டும். வெளியே ஒரு கூடைகூட விற்கக் கூடாது. கொடியில் எத்தனை குலை விடலாம் என்பதற்கு வரம்பு. சங்கத்தின் ஆலோசகர் தோட்டத்துக்கே வந்து பார்ப்பார். பணம் தரத்துக்கு. இன்று தெற்கு டைரோலின் உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெள்ளை ஒயின்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் செபாஸ்டியன் ஸ்டாக்கர். 1955 முதல் 1993 வரை டெர்லான் ஆலையில் ஒயின் தயாரிப்பின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். வெள்ளை ஒயினை உடனே குடித்து முடிக்க வேண்டும், வைத்தால் கெடும் என்று எல்லோரும் நம்பிய காலம். ஸ்டாக்கர் அதை நம்பவில்லை. நொதித்து முடிந்தபின் அடியில் படியும் ஈஸ்ட் வண்டலோடு சேர்த்தே ஒயினை எஃகுத் தொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் வைத்தார். ஒவ்வோர் ஆண்டும் நல்ல சரக்கில் ஒரு பகுதியை விற்பனைக்கு விடாமல், நிர்வாகத்தின் கண்ணில் படாமல்கூட, பாதாள அறையில் ஒதுக்கினார். அந்தப் பழைய போத்தல்களைப் பின்னாளில் திறந்தபோதுதான் டெர்லானின் பெயர் உலகுக்குத் தெரிந்தது. சிறுவிவசாயிகளின் சங்கம் ஒன்று பத்து, இருபது ஆண்டு காத்திருக்கும் சரக்கை வைத்திருக்கிறது! நாளை அழுகிவிடும் என்ற அச்சத்தில் விற்றவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

கம்பத்துக்கும் டைரோலுக்கும் ஓர் உறவுகூட உண்டு. பன்னீர் திராட்சையின் பெற்றோர் ரகங்களில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா. இன்னொன்று ஸ்கியாவா குரோசா, அதாவது அந்த ஆல்ப்ஸ் சரிவுகளில் பரவலாக விளைந்த ஸ்கியாவா குடும்பத்தின் பெருமணி ரகம்.

நம்மிடம் கூட்டுறவு இல்லையா என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. டெர்லான் சங்கம் பிறந்த அதே காலத்தில்தான், சென்னை மாகாண அரசு தன் அதிகாரி பிரெடரிக் நிக்கல்சனை ஐரோப்பாவின் கிராமியக் கடன் சங்கங்களை ஆராய அனுப்பியது. 1895-இலும் 1897-இலும் அவர் தந்த அறிக்கைகள், ஜெர்மனியின் கூட்டுறவு முன்னோடி ரைஃபைசன் காட்டிய வழியை நம் கிராமங்களுக்குப் பரிந்துரைத்தன. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. ஆக, அவர்களும் நாமும் ஒரே ஊற்றில் தண்ணீர் எடுத்தவர்கள். அவர்கள் அதைப் பழம் பிழியும் ஆலை வரை கொண்டுபோனார்கள். நாம் பெரும்பாலும் பயிர்க்கடன், நகைக்கடன், உர விற்பனை, ரேஷன் கடை என்ற அளவில் நிறுத்திவிட்டோம்.

நிறுத்தாத இடங்களும் உண்டு. நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் 1960-களிலேயே வந்தன. அவற்றின் இணையமான இண்ட்கோசர்வ் 1965-இல் பிறந்தது. ஏறத்தாழ 30,000 சிறு விவசாயிகள் அதன் கீழ் இருக்கிறார்கள். மலை, சிறு நிலம், பானம் ஆகிய மூன்றும் பொருந்தும் நம் ஊர்க் கூட்டுறவு இதுதான். ஆனால் பசுந்தேயிலைக்கு நியாய விலை கேட்டு அந்த விவசாயிகள் இன்றும் போராடுகிறார்கள். இரண்டு இலையும் மொட்டுமாகப் பறித்தவருக்கும் கரட்டு இலையைக் கத்தரித்தவருக்கும் விலையில் போதிய வித்தியாசம் இல்லாதபோது, எவர்தான் மெனக்கெட்டுப் பறிப்பார்? தனியார் தொழிற்சாலை கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் உறுப்பினரின் இலை அங்கே போகிறது. இணையத்தின் தலைமையில் இருப்பதோ அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. நல்ல அதிகாரி வந்தால் நிமிர்கிறது, மாறிப்போனால் சாய்கிறது.

தரத்துக்குப் பணம் தருவது நமக்குத் தெரியாத வித்தை அல்ல. ஆவின் சங்கத்தில் பாலின் கொழுப்பையும் இதர திடச்சத்தையும் அளந்துதான் விலை போடுகிறார்கள். ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் அந்தக் கணக்கு புரிகிறது. பாலும் காத்திருக்காத சரக்குதான். 1946-இல் குஜராத்தின் கைராவில் விவசாயிகள் பாலைத் தரையில் கொட்டி வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் அமுல் பிறந்தது. யாழ்ப்பாணத்திலும் 1970-களில் கள் இறக்கும் சீவல் தொழிலாளர்கள் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டார்கள். தவறணை என்ற கள்ளுக்கடையில் விற்றார்கள், கள்ளைப் போத்தலில் அடைத்தார்கள், திக்கத்தில் வடிசாலை நடத்தினார்கள். போர் அவர்களைப் படாத பாடு படுத்தியது. ஆனாலும் மரத்தில் ஏறியவனே ஆலைக்கும் பங்குதாரன் என்ற எண்ணம் தமிழனுக்கு அந்நியம் இல்லை என்பதற்கு அந்தச் சங்கங்கள் சான்று.

அப்படியானால் கம்பத்துக்கு என்ன வேண்டும்? இன்னொரு சந்தைக் கட்டடம் வேண்டாம். விவசாயிகளே பங்குதாரர்களாக, பள்ளத்தாக்குக்குள்ளேயே, குளிர்கிடங்கும் பழம் பிழியும் ஆலையும் வேண்டும். வியாபாரி சொல்லும் விலை பிடிக்காத அன்று பழத்தைக் கொட்ட ஓர் இடம் இருந்தால் போதும். வியாபாரியின் விலையே மாறும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்க 2002 முதல் சட்டம் இடம் தருகிறது. அதில் வெளியார் உறுப்பினராக முடியாது, நல்ல ஏற்பாடு. ஆனால் ஆலை போடப் பெருந்தொகை வேண்டும். அதை மானியத்தில் மட்டும் எதிர்பார்த்தால் மானியம் தருபவரே எஜமானர் ஆவார். செட்டிநாட்டு அறக்கட்டளைகளிடமும் தொழில் குடும்பங்களிடமும் என் வேண்டுகோள் இதுதான்: நீண்ட தவணைக்கு, குறைந்த வட்டிக்கு, நிர்வாகத்தில் தலையிடாத கடனாகக் கொடுங்கள். ஒரு காலத்தில் ஐராவதி டெல்டா விவசாயிக்கு எதிர்ப்பக்கம் இருந்த முதல், இந்த முறை விவசாயியின் பக்கம் இருக்கட்டும்.

பணத்தைவிடக் கடினமானது விதி. பழம் முழுவதும் சங்கத்துக்கு என்ற நிபந்தனையை நம் விவசாயி ஏற்பாரா? முதல் ஆண்டே ஏற்கமாட்டார். ஏற்கச் சொல்வதும் நியாயம் அல்ல. பாதியில் தொடங்கலாம். ஆனால் தருவதாக எழுதிய பாதியை, வெளியில் விலை ஏறிய வாரத்திலும் தர வேண்டும். மீறியவர் யாருடைய மச்சானாக இருந்தாலும் அந்தப் பருவத்துக்கு வெளியே நிற்க வேண்டும். இனிப்பளவையும் குலையின் சுத்தத்தையும் வாசலிலேயே அளந்து, அவர் கண் முன்னே எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும். அரசு நியமிக்கும் தனி அலுவலர் ஆட்சி வரவே கூடாது. ஆலையை நடத்துபவர் தொழில் தெரிந்தவராக, சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டவராக இருக்க வேண்டும். ஸ்டாக்கருக்குச் சங்கத்தின் கட்சி அரசியல் தலைவலியாக இருந்திருந்தால் அந்தப் போத்தல்கள் மிஞ்சியிருக்காது.

கடைசியாக, மது. 2003 முதல் சில்லறை மது விற்பனையையும் டாஸ்மாக் வழியாக அரசே நடத்தும் மாநிலத்தில், குடியால் குலைந்த வீடு இல்லாத தெரு கிடையாது. அந்த வேதனை தெரிந்துதான் எழுதுகிறேன். எனவே பழச்சாறு, திராட்சைக் கூழ், வினிகர் ஆகியவற்றில் ஆலை தொடங்கட்டும். பன்னீர் திராட்சையின் மணம் சாற்றிலேயே பேசும். கோயில் திருவிழாவிலும் பள்ளிச் சத்துணவிலும் அதற்கு இடம் உண்டு. தேனி மாவட்டத்தில் தனியார் ஒயின் ஆலை இருக்கும்போது விவசாயிகளின் சங்கத்துக்கு மட்டும் அந்தக் கதவை நிரந்தரமாகச் சாத்த நியாயம் இல்லை. ஐந்து ஆண்டு சாறு ஆலையை ஒழுங்காக நடத்தி, கணக்கைக் காட்டி, உறுப்பினர்களில் பெண்கள் உட்பட எல்லோரும் வாக்களித்து வேண்டும் என்று முடிவெடுத்தால், குறைந்த அளவில் ஒயின் தயாரிக்கவும் ஆலை வாசலில் மட்டும் விற்கவும் அரசு அவர்களுக்கு உரிமம் தரலாம். வேண்டாம் என்று வாக்களித்தால் சாறே போதும்.