சிக்னல் கொடுக்க மறுத்த சார்ஜர்

நம் சங்க இதழில் வழக்கமாக விழாக்கள், பிள்ளைகளின் தேர்ச்சி, ஊர்ப் பயண அனுபவங்கள் என்று படித்துப் பழகிய அன்பர்களுக்கு, ஒரு பொம்மை விமானத்தின் பேட்டரியைப் பற்றி நான் எழுதுவது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் நம் குடும்பங்களில் பலவற்றில் இப்போது இந்தச் சரக்கு இருக்கிறது. ரிமோட் கார், டிரோன், விமானம் என்று பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அதன் வயிற்றில் இருப்பது என்ன என்று நாம் கேட்பதில்லை.

என் பேரன் எட்டாம் வகுப்பு. அவனுடைய விமானத்துக்கு மூன்று செல் கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரி, 2200 மில்லி ஆம்பியர் மணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பறக்கவிட்டு வந்தவன், பேட்டரியைக் கழற்றாமல் அப்படியே அலமாரியில் வைத்துவிட்டான். மோட்டார் நின்றாலும் உள்ளே ரிசீவர் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அடுத்த ஞாயிறு சார்ஜரில் மாட்டினால், வோல்டேஜ் குறைவு என்று காட்டி, சார்ஜர் 'கீங் கீங்' என்று கத்துகிறது; வேலை செய்ய மறுக்கிறது.

"தாத்தா, நீங்க ரயில்வேயில பேட்டரியத்தானே பாத்தீங்க?" என்றான். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்தேன்.

உண்மைதான். டிப்ளமா முடித்துச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை ரயில் பெட்டிகளின் விளக்கு, மின்விசிறி, ஏ.சி. இவற்றோடுதான் என் காலம் போனது. ஏ.சி. பெட்டியின் அடியில் 56 ஈய-அமில செல்கள், 110 வோல்ட், 1100 ஆம்பியர் மணி. ஹைட்ரோமீட்டரும் டிஸ்டில்டு வாட்டர் கேனும் கையில் இல்லாமல் நான் பிட் லைனில் இறங்கியதே இல்லை. அங்கே ஒரு செல் மிகவும் இறங்கிப் போனால், குறைந்த ஆம்பியரில் நீண்ட நேரம் சார்ஜ் போட்டு எழுப்பிவிடலாம். அப்படி எத்தனையோ செல்களை உயிர்ப்பித்திருக்கிறேன். அந்த அகங்காரத்தோடுதான் இந்தச் சின்னப் பேட்டரியையும் கையில் எடுத்தேன்.

முதலில் செய்ததெல்லாம் சரிதான். சார்ஜருக்கு மின்சாரம் வருகிறதா, பேட்டரி வகை சரியாகத் தேர்ந்திருக்கிறதா, பெரிய பிளக்கோடு நான்கு ஒயர் கொண்ட சின்ன 'பேலன்ஸ்' பிளக்கும் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும். பிறகு மல்டிமீட்டரால் அந்தச் சின்னப் பிளக்கில் ஒவ்வொரு செல்லாக அளந்தேன். 2.1, 1.9, 0.7. இந்த வகைச் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் இருக்க வேண்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே விடக்கூடாது. அப்போதே கீழே வைத்திருக்க வேண்டும்.

வைக்கவில்லை. சிஞ்ச்வடிலிருந்து லோக்கல் பிடித்து சிவாஜி நகரில் இறங்கி, தப்கீர் கல்லிக்குப் போனேன். மின்சாமான் வாங்கப் புனேயில் அதைவிட வேறு இடம் ஏது? அங்கே ஒரு கடைப் பையன், "காகா, சார்ஜரை நிக்கல் பேட்டரி என்று மாற்றி ஐந்து நிமிடம் போடுங்கள், ஏமாந்துவிடும்" என்று மராத்தியில் யோசனை சொன்னான். (இங்கே பெரியவர்களைக் 'காகா' என்று கூப்பிடுவதைக் கேட்டு, ஊரிலிருந்து வரும் என் தங்கை இன்னும் சிரிக்கிறாள்.) நிக்கல் வகைக்குச் சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே பார்ப்பதில்லை. மொத்தமாகத் தள்ளிவிடும்.

வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேஜை மேலேயே போட்டேன். மூன்று நிமிடத்தில் இரண்டு செல்கள் 3.3-க்கு ஏறிவிட்டன. மூன்றாவது 0.9-ல் நின்றது. தொட்டுப் பார்த்தால் அந்தப் பக்கம் மட்டும் வெதுவெதுப்பு. பேரன் முகவாயை மேஜையில் வைத்து அரையடி தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று பிடுங்கினேன். பால்கனியில் மணல் போட்ட பழைய பூந்தொட்டியில் வைத்தேன். காலையில் அது பூரிபோல உப்பியிருந்தது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மேஜையை மட்டும் இரண்டு முறை துடைத்தாள்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது. இந்தச் செல்லின் எதிர்முனை மெல்லிய செப்புத் தகட்டின் மேல் அமைந்தது. வோல்டேஜ் அளவுக்கு மீறி இறங்கினால் அந்தச் செம்பு கரைந்து உள்ளிருக்கும் திரவத்தில் கலக்கிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது, இருக்கக்கூடாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிவிடலாம். உடனே தெரியாமலும் போகலாம்; சில நாள் கழித்து நல்லபடி சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கலாம். ஈய-அமிலத்தில் நான் கற்ற வைத்தியம் இங்கே விஷம். 2022 மார்ச்சில் நம் லோஹேகாவில் ஒரு மின்சார ஸ்கூட்டர் தெருவோரம் நின்றபடியே எரிந்ததும், மத்திய அரசு விசாரணைக்கு உத்தரவிட்டதும் பலருக்கு நினைவிருக்கும். காரணங்கள் வேறாக இருக்கலாம், ஆனால் லித்தியம் எரியும் வேகத்தை அந்தப் படத்தில் பார்த்தோம்.

எனக்கு உறுத்துவது வேறு. ரயில்வேயில் டிராக் சர்க்யூட் என்று ஒன்று உண்டு. தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்சாரம்தான் ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். ஒயர் அறுந்தாலும், பேட்டரி செத்தாலும் ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகிவிடும். பழுதென்றால் நிறுத்து என்பதே ஏற்பாடு. சிவப்பைத் தாண்டிய டிரைவரை நாங்கள் யாரும் கெட்டிக்காரர் என்று சொன்னதில்லை. அந்தச் சார்ஜர் செய்ததும் அதே வேலைதான். முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஏற்பாட்டை நம்பிப் பிழைத்த நான், இரண்டாயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்க அதை ஏமாற்றினேன். வெளியூரில் வந்து சிக்கனமாகக் குடும்பம் நடத்திய நமக்கு எதையும் தூக்கிப்போட மனம் வராது. அதுவும் ஒரு காரணம்.

தூக்கிப்போடுவதும் குப்பைக் கூடையில் அல்ல. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் இவற்றைத் தனியே சேர்க்கச் சொல்கின்றன. நம் வாசலில் குப்பை வாங்க வரும் 'ஸ்வச்' பெண்கள் கையால்தான் பிரிக்கிறார்கள். உப்பிய பேட்டரி அவர்கள் கையிலோ, லாரியின் அழுத்தும் இயந்திரத்திலோ வெடித்தால்? முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுக்க வேண்டும்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு கோரிக்கை. ரயில் நிலையங்களில் தொங்குமே சிவப்பு மணல் வாளி, அதுபோல ஒரு மூடியிட்ட இரும்பு டிரம் மணலோடு பொங்கல் விழா மண்டபத்துக்கு வெளியே வைக்கலாம். வீட்டில் கிடக்கும் செத்த பேட்டரிகளை எல்லோரும் கொண்டு வரட்டும். மின்கழிவு வாங்குபவர்களிடம் சேர்க்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். மல்டிமீட்டரும் கொண்டு வருகிறேன், சந்தேகமுள்ளவர்கள் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

பேரனுக்குப் புதுப் பேட்டரி வாங்கியாயிற்று. பறக்கவிட்டதும் கழற்றுகிறான்; வாரக்கணக்கில் சும்மா கிடக்கும் என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி வைக்கிறான். சார்ஜ் போடுவது பால்கனியில், பூந்தொட்டிக்குப் பக்கத்தில். ஒரு மணி நேரம் நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து போனால், "தாத்தா, டூட்டி!" என்று கூப்பிடுகிறான்.