புது பிரேக் பேட் கீச்சிடுதா?

தாராசுரம் கோயிலில் பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் இசை வரும். கார் பிரேக் கீச்சிடுவதும் அதிர்வால்தான். ஆனால் இதை யாரும் ரசிப்பதில்லை!

பேட் மாற்றிய புதிதில் சத்தம் வந்தால் உடனே பதற வேண்டாம். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியச் சில நூறு கிலோமீட்டர் ஆகலாம். காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்குச் சீராகக் குறையுங்கள், முழுசாக நிறுத்தாதீர்கள். எட்டு, பத்து முறை செய்யுங்கள். நடுநடுவே கொஞ்சம் ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள். (அறுவடைக் காலத்தில் நெல் காயும் நம்மூர்ச் சாலைகளில் இந்த வேலை வேண்டாம்!)

அப்புறமும் கத்தினால் மெக்கானிக்கிடம் கேளுங்கள்: பேடுக்குப் பின்னால் ஷிம் தகடு வைத்தாரா, பழைய கிளிப்பையே மாட்டினாரா, காலிப்பர் பின்னுக்கு அதற்கான கிரீஸ் போட்டாரா? பெரும்பாலும் இங்கேதான் கோளாறு இருக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் வரும் சத்தம், டிஸ்க்கில் படிந்த லேசான துரு. நாலைந்து முறை பிரேக் மிதித்தால் போய்விடும்.

சத்தத்தை அடக்க டிஸ்க்கில் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள். சத்தமும் போகும், பிரேக்கும் போகும். இரும்போடு இரும்பு உரசுவதுபோல் கரகரவென்று கேட்டாலோ, பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.