ஓவராயில்

சைக்கிள் கடையில் 'ஓவராயில்' என்ற சொல்லை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் கேட்டிருப்போம். ஓவர்ஹால் என்பதுதான் நம் ஊர் வாயில் அப்படி ஆனது. வண்டியை அக்கக்காகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து, திரும்பப் பூட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். ஆனால் சொல்லிலேயே ஆயில் வந்துவிட்டதால், எண்ணெய் விட்டாலே வண்டி சரியாகிவிடும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அது எழுபது வயதுவரை இருந்தது. அதனால் என் பேரனுக்கு வர இருந்த ஆபத்தைத்தான் எழுதுகிறேன்.

மகன் பிரான்சில் கிரெனோபிளில் இருக்கிறான். சுற்றிலும் மலை. அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் இருப்பது மலையில் ஓட்டும் சைக்கிள். அங்கே அதை வே-தே-தே என்பார்கள். பேரனுடைய வண்டியில் பின்சக்கரம் நம் வண்டி போல ஃபிரேமோடு ஒட்டியிருக்காது. பின்பாகம் தனியாக, நாலைந்து மூட்டுகளில் மேலும் கீழும் அசையும். நடுவில் காற்று அடைத்த ஒரு ஷாக் அப்சார்பர்.

ஒரு சனிக்கிழமை வண்டி பின்னால் 'கிரீச் கிரீச்' என்றது. "கடைக்கு எடுத்துட்டுப் போகணும் தாத்தா" என்றான். "சைக்கிளுக்குப் போய் கடையா? நான் பாக்கறேன்டா" என்றேன். இருபது வருஷம் ஆபீசுக்குச் சைக்கிளில் போனவன், பஞ்சருக்குக்கூடக் கடையில் காசு கொடுக்காதவன் என்ற திமிர். கீழே கார் நிறுத்தும் அறையில் துரு நீக்கும் ஸ்ப்ரே டப்பா ஒன்று இருந்தது. எல்லா மூட்டிலும் அடித்தேன். ஷாக்கின் பளபளக்கும் தண்டு மேலும் தாராளமாக அடித்தேன். சத்தம் நின்றது. மருமகளைக் கூப்பிட்டு அசைத்தும் காட்டினேன்.

ஞாயிறு காலை பையன் மலைக்குப் போனான். மதியம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தான். பின் பிரேக் ஊளையிடுகிறது, பிடிக்கவில்லை. பின்சக்கரத்து டிஸ்க் அந்த மூட்டுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் அடித்த ஸ்ப்ரே அதன்மேல் தெறித்து, பிரேக் கட்டைகளில் ஊறிவிட்டது. இறக்கத்தில் பாதி தூரம் முன் பிரேக்கை மட்டும் வைத்துச் சமாளித்திருக்கிறான். மருமகள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறதே, காற்றாவது அடித்து வைப்போம் என்று அன்று மாலை டயர் பம்பை எடுத்துப் போனேன். ஷாக்கின் வால்வும் கார் டயர் வால்வும் ஒரே மாதிரிதான். பம்ப் சரியாகப் பொருந்தியது; எடுக்கும்போது 'புஸ்' என்றது. பையன் உட்கார்ந்தான், வண்டி அடிவரை இறங்கிவிட்டது. அந்தச் சின்ன அறையில் 150, 200 பவுண்டு அழுத்தத்தில் காற்று நிற்கிறது. அந்த வண்டியின் டயரிலேயே 25 பவுண்டு சுமார்தான். அறை அவ்வளவு சிறியது, வால்விலிருந்து பம்பைப் பிடுங்கும் நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும்.

திங்கட்கிழமை கடைக்குப் போனோம். மெக்கானிக்குக்கு முப்பது வயதுகூட இருக்காது. கோபப்படாமல் சொன்னான். அந்த ஸ்ப்ரே மூட்டுக்குள் இருக்கும் பேரிங்கின் கிரீஸைக் கரைத்து வெளியேற்றிவிடும்; சத்தம் இரண்டு நாள் நிற்கும், பிறகு பேரிங்கே போகும். ஷாக் தண்டில் பட்டால் புழுதியை இழுத்துக்கொண்டுபோய் சீலில் சேர்க்கும்; அந்தத் தண்டை மெல்லிய துணியால் துடைப்பதோடு சரி. சத்தம் வந்ததற்குக் காரணம் ஒரு மூட்டு போல்ட் தளர்ந்திருந்ததுதான். எத்தனை நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும் என்று அதன் தலையிலேயே போட்டிருந்தது. கைக்கணக்கில் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும் என்றான்.

"அந்தக் குழலைக் கழற்றி உள்ளே பார்க்கலாம் என்றுகூட நினைத்தேன்" என்று நான் பிரெஞ்சில் சொன்னபோதுதான் அவன் முகம் மாறியது. "மெஸ்யே, உள்ளே காற்று இருக்கும்போது கழற்றினால் அது மூஞ்சியில் வந்து அடிக்கும்" என்றான். காற்றை எடுத்த பிறகும் ஷாக் விரியாமல் சுருங்கியே நின்றால் அது இன்னும் மோசமாம். உள்ளே ஒரு பக்கம் அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் தொடவே கூடாது.

எனக்கு வெட்கம் வேறு ஒன்றில். வண்டியோடு வந்த கையேடு மேஜை இழுப்பறையில் இருந்தது. பிரெஞ்சில். சின்ன வயதிலிருந்து பிரெஞ்சிலேயே படித்தவன் நான். ஒரு சொல்லுக்கும் அகராதி வேண்டாம். ஷாக்குக்கு அதில் 'அமோர்த்திஸ்ஸேர்' என்று பெயர். 'அமோர்த்திஸ்மான்' என்ற சொல்லோடுதான் என் உத்தியோகமே போயிற்று: கடனைத் தவணை தவணையாகத் தீர்ப்பது. இதுவும் அதே வேலைதான் செய்கிறது. ஒரே அடியாக வரும் அதிர்ச்சியை, உள்ளே இருக்கும் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியே தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்க்கிறது. ஆக, எண்ணெய் ஏற்கனவே உள்ளே இருந்தது. வெளியே இருந்து நான் விடத் தேவையே இல்லை.

நம் பழக்கம் பழைய வண்டிக்குச் சரியாகத்தான் இருந்தது. மலை சைக்கிள் பந்தயமே கலிஃபோர்னியாவில் 1976-ல் பழைய கனத்த சைக்கிள்களில் தொடங்கியதுதான். இறங்கும்போது பின் ஹப்புக்குள் இருந்த பிரேக் சூடேறி கிரீஸ் எரிந்துபோகும். திரும்பக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர். அந்த வண்டியை என் கையில் கொடுத்திருந்தால் ஜெயித்திருப்பேன்.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "இனிமே எல்லாத்தையும் கடைக்குக் குடுத்துடணும்பா" என்றார். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்டியைத் தொடாதவனுக்கு அது கெட்டுப்போவதே தெரியாது. ஈரத்துணியால் துடைப்பது, போல்டுகளை அளவுகாட்டும் ஸ்பேனரால் பார்ப்பது, காற்றைச் சரிபார்ப்பது எல்லாம் வீட்டு வேலைதான். ஓட்டுகிறவன் ஏறி உட்கார்ந்தால் ஷாக் தன் ஓட்டத்தில் நாலில் ஒரு பங்கு முதல் 30 சதவீதம் வரை இறங்க வேண்டும். 50 மில்லிமீட்டர் ஓட்டம் என்றால் 15 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். தண்டில் இருக்கும் சின்ன ரப்பர் வளையமே அளவைக் காட்டிவிடும். ஆனால் உள்ளே திறக்கிற வேலை வேறு. ராக்‌ஷாக்ஸ் ஷாக்குகள் பலவற்றுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை காற்று அறை சர்வீஸ், 200 மணி நேரத்துக்கு ஒருமுறை முழு சர்வீஸ் என்று கணக்கு இருக்கிறது. முழு சர்வீஸ் நம் வேலை இல்லை.

நம் ஊரிலும் இப்போது பின்னால் ஸ்பிரிங் வைத்த சைக்கிள்களைப் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். விலை குறைந்தவை பலவற்றில் ஸ்பிரிங் மட்டும்தான். அதிர்ச்சியைத் தீர்க்க உள்ளே ஒன்றும் கிடையாது. துள்ளுகிறதே என்று அதன் வளையத்தைக் கடைசிவரை முறுக்காதீர்கள், எண்ணெயும் ஊற்றாதீர்கள். மூட்டு போல்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள்.

ஊர் திரும்புவதற்குமுன் பேரனுக்கு ஷாக் பம்ப் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். முதல் தடவை மாட்டியதும் முள் நேற்றைய அளவைவிடக் கீழே நின்றது. "காத்து இறங்குதுடா!" என்று பதறினேன்.

"இல்ல தாத்தா, கொஞ்சம் காத்து பம்ப் குழாய்க்குள்ள போயிருக்கு. கையேட்டுல போட்டிருக்கே, படிக்கலயா?"